குடைக்காரர் ஏன் குடைகளை உடைத்தார்?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில், முப்பது இளசுகளுக்கு முன்னால் நான் மூக்குடைபட்டேன். அதுவும் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு!

நானாகத் தேடிப்போன வினைதான்.

காலி வீதியில் ஒரு ஜூஸ் கடை. அதன் மேல்மாடியில் மாதம் ஒருமுறை அனிமே, மங்கா பைத்தியங்கள் கூடுகிறார்கள். அனிமே என்றால் ஜப்பான் கார்ட்டூன், மங்கா என்றால் ஜப்பான் சித்திரக்கதை. இப்படி நான் விளக்கம் சொன்னாலே என் மகள் துளசி முறைப்பாள். "கார்ட்டூன் எண்டு சொல்லாதீங்கோ அம்மா, மானம் போகுது" என்பாள். பதினேழு வயது. மானம் அடிக்கடி போகிற வயது.

"இந்த மாசம் நானும் வாறன்" என்றேன்.

"நீங்கள் என்னத்துக்கு?"

"நான் மங்கா வாசிக்கத் தொடங்கேக்கை உன்ர அப்பாவை எனக்கு யாரெண்டே தெரியாது."

முறைத்தாள். கூட்டிக்கொண்டு போனாள், மூன்றடி முன்னால் நடந்தபடி.

அந்தக் கூட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. எல்லோரும் பார்க்கிற பிரபல தொடர்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அறையில் வேறு யாருக்கும் தெரியாத, விசித்திரமான ஒன்றை எழுந்து பரிந்துரைக்க வேண்டும். இரண்டு நிமிஷம்தான். நீங்கள் சொல்வது யாருக்காவது ஏற்கனவே தெரிந்திருந்தால் அவர் கையைத் தூக்கலாம். தூக்கிவிட்டால் நீங்கள் உட்கார வேண்டியதுதான்.

எவ்வளவு நல்ல விதி! நம் கவியரங்குகளுக்கும் இதை யாராவது கொண்டுவந்தால் என்ன?

ஒரு பெண் பிள்ளை எழுந்து, செத்துப்போன பிறகும் பரீட்சை எழுத வருகிற மாணவர்களைப் பற்றிய தொடரைச் சொன்னாள். "பாஸ் பண்ணினால்தான் மேல போகலாம்!" என்றாள். கண்ணாடி போட்ட ஒருவர், ஒரு தவளை நடத்துகிற சலூன் பற்றிச் சொன்னார். இன்னொருவர் சொன்ன கதையில் ஓர் அறை, ஒரு மனிதன், ஒரு ஃபிரிஜ். ஃபிரிஜ்தான் கதாநாயகி. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது.

நான் சிரிக்கவில்லை. அந்தத் தழுதழுப்பு எனக்குத் தெரியும். ஒருவருக்கு ஒரு கதையைப் பரிந்துரைப்பது சாப்பாடு பரிமாறுவது மாதிரி. அவர் முதல் வாய் வைத்து முடிக்கும்வரை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம்… இல்லையா?

என் முறை வந்தது. எனக்குப் பயமே இல்லை. நான் சொல்லப்போகிற கதையை இந்த ஊரில் இரண்டே பேர்தான் வாசித்திருக்கிறோம். நானும் ஜெனிட்டாவும்.

ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரி. பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். அவளுடைய சித்தப்பா ஒருவர் ஜப்பானில் வேலை செய்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது கண்ணாடிச் சாமான்கள் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் பழைய புத்தகங்களை அடைத்துக்கொண்டு வந்தார். அவற்றுக்குள் ஒன்று மங்கா. முழுக்க ஜப்பான் எழுத்து. எங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

ஜெனிட்டா அதை எனக்காகப் போட்டோக்கொப்பி எடுத்து, ஸ்பைரல் போட்டு, தானே பென்சிலால் ஓர் அட்டை கீறிக் கொண்டுவந்து தந்தாள். "ஒரிஜினலை சித்தப்பா திருப்பிக் கேட்டுட்டார்டி" என்றாள். எனக்கென்ன, கொப்பியே போதும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் முடிந்து, நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த கிழமை அது. நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா தானே நடந்துபோய் வாகனத்தில் ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவில்லை. நடந்துபோன மனிதர் எப்படி வராமல் இருப்பார்? எனக்கு அது விளங்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இந்தக் கதை என் கைக்கு வந்தது.

முதல் பக்கத்தில் ஒரு கிழவர். வெறும் வீடு. மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்றுக்கு முன்னால் அவர். மற்றதுக்கு முன்னால் யாரும் இல்லை. பக்கத்தைப் புரட்டினால் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் ஒரு கிழவி, கண்ணை மூடியபடி. அடுத்த படத்தில் கண் திறக்கிறாள். அடுத்ததில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாகனம். அதற்கடுத்ததில் வாகனம் வீட்டு வாசலில் நிற்கிறது. அவள் வீட்டுக்குள் நிற்கிறாள்!

ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு இரண்டு பேருக்கும் தலைமயிர் கறுக்கிறது. சுருக்கங்கள் மறைகின்றன. வளர்ந்த மகன் சின்னப் பையனாகி, குழந்தையாகி, வயிற்றுக்குள் போய்விடுகிறான். கடைசிப் பக்கத்தில் மழைக்குள் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒரே குடைக்குக் கீழே நிற்கிறார்கள். மனைவியை இழந்த ஒருவரின் துக்கத்தைத் தாங்க மாட்டாமல் காலமே திரும்பி நடக்கிற கதை. இப்படி ஒரு கற்பனையை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. வாசித்தேன் என்பதைவிட அதற்குள் போய் இருந்தேன் என்று சொல்லலாம்.

ஒரேயொரு விஷயம்தான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. அந்த மனிதருக்குக் குடை திருத்துகிற கடை. ஆனால் அவர் திருத்துவதில்லை… உடைக்கிறார்! கதை முழுவதும் ஆட்கள் நல்ல குடையோடு வந்து குனிந்து கும்பிடுவார்கள். இவர் வாங்கி, கம்பியைக் கழற்றி, துணியைப் பிரித்து, வளைத்து நாசமாக்கித் திருப்பிக் கொடுப்பார். அவர்களும் அதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்காகக் கதைத்தோம். கடைசியில் நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். மனைவி ஒரு மழை நாளில்தான் நோயில் விழுந்திருப்பாள். அவளைக் காப்பாற்றாத குடை ஊரில் யாருக்கும் எதற்கு என்று அவருக்குக் கோபம். ஊராருக்கும் அவருடைய வேதனை தெரியும், அதனால்தான் கும்பிடுகிறார்கள். ஜெனிட்டா மெதுவாகத் தலையாட்டினாள். இந்த விளக்கத்தை, பத்திரிகையில் நான் எழுதிவருகிற இதே பத்தியில் இரண்டு தரம் எழுதியும் இருக்கிறேன். "ஆழமான பார்வை" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகம் எங்கெல்லாம் என்னோடு வந்தது! பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கிளறிய யுத்த காலம். ஒரு செக்பொயின்ட்டில் ஒரு சிப்பாய் அதை வெளியே எடுத்து, "மொகக்த மே?" — இது என்ன — என்று சிங்களத்தில் கேட்டான். "கார்ட்டூன்" என்றேன். அவன் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, பின் அட்டையிலிருந்து நாலைந்து பக்கம் புரட்டினான். முகம் இளகிவிட்டது. "லஸ்ஸனய்" — அழகாக இருக்கிறது — என்று சொல்லித் திருப்பித் தந்தான். பின்பக்கத்தால் புரட்டுகிறானே, மடையன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையைத்தான் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொன்னேன். குடை விளக்கத்தையும் சேர்த்து. எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். துளசிகூடப் பெருமையாகப் பார்த்தாள். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கை மேலே எழுந்தது.

கை தூக்கியவர் பெயர் சஃப்ராஸ். களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பான் மொழி படிக்கிறாராம். தாடி இன்னும் சரியாக வரவில்லை.

"ஆன்ட்டி, குறை நினைக்காதீங்க… இந்தக் கதை எனக்குத் தெரியும். என்ட போன்ல ஈக்கிது. ஆனா…"

"ஆனா என்ன?"

"நீங்க பின்னுக்கிருந்து முன்னுக்கு வாசிச்சிருக்கீங்க."

ஜப்பான் புத்தகத்தை வலப்பக்கத்தால் திறக்க வேண்டும். நமக்கு எது கடைசிப் பக்கமோ அவர்களுக்கு அதுதான் முதல் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் படங்கள்கூட வலமிருந்து இடம். இன்றைக்கு இது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும்! பிறகு வாசித்த மங்காக்களை எல்லாம் ஒழுங்காகத்தான் வாசித்தேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் திரும்பிப் பார்க்க ஒருபோதும் தோன்றவில்லை. தமிழ்ப் புத்தகம் மாதிரி அட்டையும் கட்டுமாக வந்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

அவர் போனை நீட்டினார். முதல் பக்கத்தில் மழைக்குள் இரண்டு பிள்ளைகள். வளர்கிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், குழந்தை பிறக்கிறது, நரைக்கிறது. வாகனம் வீட்டு வாசலில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கண் திறந்திருக்கிறது. கண் மூடுகிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள்.

"அவர் குடைகளைத் திருத்துறார் ஆன்ட்டி. உடைக்கல்ல."

அறையே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? துளசி மேசைக்குக் கீழே ஏதோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டாள். நான் விதிப்படி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது.

அந்த ஸ்பைரல் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஜெனிட்டாவின் கணவர் ஸ்டீவன் திடீரென்று போய்விட்டார். செத்த வீட்டில் அவளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. எழுதிப் பிழைக்கிறவள் நான், ஒரு சொல் வரவில்லை! அடுத்த கிழமை போய் அந்தப் புத்தகத்தை அவள் கையில் வைத்தேன். "இதைத் திரும்ப வாசி ஜெனி, எல்லாம் திரும்பி வரும்" என்றேன்.

என்ன காரியம் செய்துவிட்டேன்! புதிதாகத் தனித்துப்போனவளிடம், இரண்டு கோப்பைகளுக்கு முன்னால் ஒருவர் தனியாக இருப்பதில் முடிகிற கதையைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு மகன் இருக்கிறான், அவனுடைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒரு சஃப்ராஸ் அந்த வீட்டுக்கும் ஒருநாள் வராமலா போவான்? அதற்குள் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் இறங்கி, சனத்துக்குள் நெரிபட்டு, அடுத்த பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனை. ஒரே நகரம்தான். ஆனாலும் நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் சந்தித்தால் அதிகம். ஒருகாலத்தில் ஒரு நாள் காணாவிட்டால் காய்ச்சல் வரும்.

ஜெனிட்டா கதவைத் திறந்தாள். "என்னடி, போன் பண்ணாம வந்திருக்காய்? யாருக்கு என்ன?"

"ஒருவருக்கும் ஒண்டும் இல்லை. அந்தக் குடைக்காரர் புத்தகம் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"துளசி கேட்டவள். பள்ளிக்கூட ப்ரொஜெக்ட்டுக்கு."

"பள்ளிக்கூட லீவுல ப்ரொஜெக்ட்டா?"

பொய் சொல்வதில் எனக்கு எப்போதும் முட்டைதான். கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம், மைக், சஃப்ராஸ், வலப்பக்கம். "நாங்கள் பிழையா வாசிச்சிட்டம் ஜெனி. நான் தெரியாமல்தான் உன்னட்டத் தந்தனான்… என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் திடுக்கிடுவாள் என்று பார்த்தேன். இல்லை. எழுந்து உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு புத்தகங்களோடு வந்தாள். ஒன்று என்னுடைய ஸ்பைரல். மற்றது கறுத்துப்போன ஒரு சின்னப் புத்தகம்.

ஒரிஜினல்!

"சித்தப்பா திருப்பி வாங்கிட்டார் எண்டு சொன்னனியே?"

"சொன்னேன்தான்."

புத்தகத்தை என் மடியில் வைத்தாள். திறந்தேன், வலப்பக்கத்தால். மழைக்குள் இரண்டு பிள்ளைகள். பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. டைப் அடித்த பிழையை அழிக்கப் பூசுவோமே, அந்த வெள்ளை மை. காய்ந்து மஞ்சளாகியிருந்தது. அடுத்த பக்கத்திலும் ஒரு பொட்டு. அடுத்ததிலும். எல்லாப் பக்கத்திலும்!

நகத்தால் ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே இருந்து ஓர் இலக்கம் வந்தது. பக்க எண்.

"முதல் நாளே தெரியும்டி" என்றாள் ஜெனிட்டா. "சித்தப்பா சொன்னார், வலப்பக்கத்தால திற என்டு. நான் ஒழுங்காத்தான் வாசிச்சேன். அழுதேன். உடனே உனக்குக் காட்டணும் போல இருந்திச்சு. நாங்க எதையாவது தனியா வாசிச்சிருக்கோமா? ஆனா நீ அப்பதான் மூணு நாளா பள்ளிக்கூடம் வாறாய். கடைசில ஆஸ்பத்திரி வருது. அத எப்படி உன்ட கையில தாறது?"

"அதுக்கு?"

"நம்பர் தெரிஞ்சா நீ கண்டுபிடிச்சிருவாய். எல்லாத்துக்கும் மை பூசினேன். பிறகு கொப்பி எடுத்து, மற்றப் பக்கத்துக்கு அட்டை கீறினேன்."

நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். பதினாறு வயதுப் பிள்ளை, தூரிகையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையாக… இத்தனை வருஷமும் என்னை யாரோ தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், நான் என் காலால் நடந்ததாக நினைத்திருக்கிறேன்.

"அப்ப அந்தக் குடை?" என்றேன், அழுகைக்கு நடுவில்.

"அத நான் யோசிக்கல்லடி! நீயே ஒரு தியரி சொன்னாய். அப்பாடா என்டு தலையாட்டினேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்படுவோமே, அந்தச் சிரிப்பு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கொண்டுவந்து தந்து, எல்லாம் திரும்பி வரும் என்டு சொன்னப்ப எனக்கு என்ன செய்யிறது என்டே தெரியல்ல. நான் செஞ்ச பொய், சுத்திப்போய் என்ட வீட்டுக்கே வந்திருக்கு."

"அதை வாசிக்கிறதில்லைத்தானே?"

"ஏன் வாசிக்காம? ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன்."

"எந்தப் பக்கத்தால?"

"உன்ட பக்கத்தால. வாகனம் வருது… கதவு திறக்குது… ஸ்டீவன் உள்ளுக்கு வாறார்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான்" என்றாள் ஜெனிட்டா.

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். மேசையில் இரண்டு கோப்பைகள். இரண்டுக்கும் ஆள் இருந்தோம்.

புத்தகத்தை எடுக்கப் போனவள் எடுக்காமலே கிளம்பினேன். படியிறங்கும்போது அவள் ஒரிஜினலை என் பையில் செருகினாள். "நீ இன்னும் ஒழுங்கா வாசிக்கல்லையே, கொண்டு போ" என்றாள். "இப்ப தாங்குவாய்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வாழ்க்கையில் மிக அதிகம் வாசித்த கதையை முதல் தடவையாக வாசித்தேன். ஆட்கள் உடைந்த குடைகளோடு வருகிறார்கள். அவர் வாங்கிக்கொள்கிறார். கம்பியை நிமிர்த்துகிறார், துணியைத் தைக்கிறார், விரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். கும்பிட்டுவிட்டு மழைக்குள் போகிறார்கள். ஒரு குடையைக்கூட அவர் உடைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தது. மெதுவாகப் புரட்டினேன். இரண்டு கோப்பைகள் வந்தன. அப்பாவை நினைத்துக்கொண்டேன். தாங்கினேன்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது துளசியிடமிருந்து மெசேஜ். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் நான் வரவேண்டுமாம், சஃப்ராஸ் கேட்கச் சொன்னாராம். போவேன். போய், ஜப்பான் புத்தகத்தை எந்தப் பக்கத்தால் திறப்பது என்பதில் எனக்கும் ஒரு விதி இருக்கிறது என்று மைக்கைப் பிடித்துச் சொல்லப்போகிறேன்.

கடையில் வாங்கியது என்றால் வலப்பக்கத்தால். சிநேகிதி தந்தது என்றால், அவள் தந்த பக்கத்தால்!